முன்சக்கரம் இழுக்கும் காரும் பின்பாரமும்: டிராக் ரேஸ் சஸ்பென்ஷன் பற்றி ஒரு கணக்கு

முன்சக்கர இழுவைக் காரை டிராக் ரேஸுக்குத் தயார் செய்வது எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் பதில் இதுதான்: "பின்னாடி ஸ்பிரிங்கை நல்லா இறுக்குங்க, அப்பதான் வெயிட் பின்னாடி போகாது." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கார் கிளம்பும்போது பின்பக்கம் உட்காருவதைக் கண்ணால் பார்க்கிறோம். உட்காரவிடாமல் தடுத்தால் எடை முன்னாடியே நிற்கும் என்று மனசு சொல்கிறது. ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பின்னால் போகும் எடையின் அளவை ஸ்பிரிங் கிட்டத்தட்ட மாற்றுவதே இல்லை. அப்படியானால் சஸ்பென்ஷனில் கை வைப்பது வீணா? அதுவும் இல்லை. அது செய்யும் வேலை வேறு. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

டிராக் ரேஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நின்ற இடத்திலிருந்து கிளம்பி, வளைவே இல்லாத நேர்பாதையில், வழக்கமாக கால் மைல், அதாவது 402 மீட்டரை யார் முதலில் கடக்கிறார் என்பதுதான் போட்டி.

இந்தச் சிக்கல் நமக்கு எப்போது வந்தது?

தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. சோழவரக் காலத்தில் நம் ரோட்டில் ஓடிய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாமே பின்சக்கரம் தள்ளும் கார்கள். அவற்றில் பின்னாடி வெயிட் விழுவது வரம். சக்தி போகும் சக்கரத்தின் மேல்தானே அது விழுகிறது!

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் கதை தலைகீழானது. எஞ்சின், கியர்பாக்ஸ், இழுவை மூன்றும் முன்னால் போய்விட்டன. பிறகு வந்த ஜென், எஸ்டீம், ஹோண்டா சிட்டி, ஸ்விஃப்ட், போலோ எல்லாம் அதே வழி. பிற்காலத்தில் லோனாவாலா பக்கம் ஆம்பி வேலி ஓடுதளத்தில் வேலி ரன் மாதிரி டிராக் போட்டிகள் வந்தபோது, சாதாரண ஆட்கள் கொண்டுவரக்கூடிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவையாகத்தான் இருந்தன. காரின் அமைப்பு மாறிவிட்டது, "பின்னாடி உட்கார்ந்தா நல்லாக் கிளம்பும்" என்ற பழைய பாடம் மட்டும் சில இடங்களில் அப்படியே தங்கிவிட்டது.

கோயம்புத்தூர் கரிவர்தன் இதை வேறு வழியில் தாண்டினார். அவர் வடிவமைத்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் அதே மாருதி எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துவிட்டார். இழுவை பின்சக்கரத்துக்குப் போய்விட்டது, பிரச்சினையும் போய்விட்டது. செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்விஃப்டுக்கு இந்த வைத்தியம் சரிப்படாது. எஞ்சின் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு யோசிப்போம்.

முன்பாரம், பின்பாரம்

இதைப் புரிந்துகொள்ள ஆட்டோமொபைல் புத்தகம் தேவையில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டு வண்டி ஓட்டிய எந்தப் பெரியவரிடமும் இதற்கு வார்த்தை உண்டு. பாரம் அச்சுக்கு முன்னால் அதிகமாக ஏறினால் முன்பாரம்: நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அச்சுக்குப் பின்னால் ஏறினால் பின்பாரம்: நுகத்தடி மேலே தூக்கும். இரண்டும் அளவாக இருந்தால்தான் மாடு நன்றாக இழுக்கும். இழுப்பவர் முன்னால் இருக்கும் வண்டி அது. நம் காரும் அதே ஜாதிதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. வண்டியில் பாரத்தை ஏற்றும் ஆள் முடிவு செய்கிறார். காரில், ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியில் பாரம் தானாகவே பின்பக்கம் சாய்கிறது. காரணம் எளிமையானது. சாலை காரைத் தள்ளுவது டயரின் அடியில், தரை மட்டத்தில். காரின் எடை மையம் இருப்பது தரைக்கு அரை மீட்டர் மேலே. கீழே தள்ளினால் மேலே இருப்பது பின்தங்கும். அந்தச் சுழற்றலைச் சமன் செய்ய முன்டயரின் பாரம் குறைந்து பின்டயரின் பாரம் கூடுகிறது.

எவ்வளவு கூடும்? எடை மையத்தின் உயரத்தை வீல்பேஸால் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) வகுத்து, காரின் எடையாலும் முடுக்கத்தாலும் பெருக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். உயரம், வீல்பேஸ், எடை, முடுக்கம் என்று நான்கு சமாச்சாரம் இருக்கிறது. ஸ்பிரிங் எங்கே? இல்லவே இல்லை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு மாதிரிக் காரை எடுத்துக்கொள்கிறேன். ஓட்டுநரோடு எடை 1000 கிலோ. அதில் 62 சதவீதம், அதாவது 620 கிலோ, முன் அச்சில். வீல்பேஸ் 2.4 மீட்டர். எடை மையத்தின் உயரம் 54 செ.மீ. சாதாரண டயருக்கும் நல்ல தாருக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.9. நம் ஊர் ஹேட்ச்பேக்குகள் இந்த எண்களுக்குப் பக்கத்தில்தான் வரும்.

முன்டயர்கள் சுற்றாமல் தாங்கக்கூடிய உச்ச முடுக்கம் 0.46 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). அந்த நேரத்தில் 104 கிலோ முன்னாலிருந்து பின்னால் போயிருக்கும். 620 இருந்த இடத்தில் 516 மிச்சம். அந்த 516-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 464 கிலோ விசை; 1000 கிலோ காருக்கு அது 0.46 ஜி. கணக்கு நேராகிறது.

ஒரு வேடிக்கை. இதே காரை ரிவர்ஸில் கிளப்பினால்? இப்போது இழுக்கும் சக்கரம் பயணத் திசைக்குப் பின்னால் இருக்கிறது. போகும் பாரம் அதன் மேலேயே விழுகிறது. டயர் தாங்கும் முடுக்கம் 0.70 ஜி. ஒரு நட்டைக்கூடத் திருகாமல் ஐம்பது சதவீதம் கூடுதல் பிடி! முன்சக்கர இழுவைக் கார் டிராக் ரேஸில் எவ்வளவு பாதகத்தோடு கிளம்புகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்பிரிங்கை இறுக்கினால் என்ன ஆகும்?

சரி, மேலே சொன்ன 104 கிலோ பின்னால் போகிறது. பின் அச்சின் இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் தாங்கும் என்று வைத்தால், பின்பக்கம் சுமார் 25 மி.மீ. தாழும். முன்பக்கம் 50 நியூட்டன் என்று வைத்தால் சுமார் 20 மி.மீ. எழும்பும். இப்படி உடல் சாய்வதால் எடை மையம் 3 மி.மீ. உயர்ந்து, சில மி.மீ. பின்னால் நகர்கிறது. இரண்டையும் சேர்த்தால், போகும் பாரத்தில் கூடுவது அதிகபட்சம் நான்கைந்து கிலோ.

இப்போது பின் ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு இறுக்குவோம். பின்பக்கம் 13 மி.மீ. மட்டும் தாழும். சாய்வு குறைந்தது நல்லதுதான். ஆனால் பின்பக்கம் தாழ்வது எடை மையத்தையும் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. அது போய்விட்டதால் மையம் 3-க்குப் பதிலாக 8 மி.மீ. உயர்கிறது. ஒரு பக்கம் கிடைத்த லாபத்தை இன்னொரு பக்கம் சாப்பிட்டுவிடுகிறது. மொத்த வித்தியாசம் ஒரு கிலோ பக்கம்கூடத் தேறுவது சந்தேகம்.

பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைப்பதும் இதே கதை. ஸ்பேசர் போட்டு 50 மி.மீ. தூக்கினால், கார் முன்னால் சாய்வதால் மூன்று நான்கு கிலோ முன்னால் வரும். ஆனால் எடை மையம் 19 மி.மீ. உயர்ந்து, கிளம்பும்போது அதே மூன்று நான்கு கிலோவைத் திருப்பி வாங்கிவிடும். பின்னால் தூக்குவதற்குப் பதில் முன்பக்கத்தை 50 மி.மீ. இறக்கினால் இரண்டு லாபமும் ஒரே திசையில் சேரும்: மையம் 31 மி.மீ. இறங்கும், பாரமும் முன்னால் வரும். சுமார் பத்து கிலோ தேறும். பார்வைக்கு இரண்டும் ஒரே சாய்வுதான், கணக்கு வேறு.

இறக்க வேண்டும் என்றால் அதற்கென்று செய்த குட்டை ஸ்பிரிங் போட வேண்டும். இருக்கிற காயிலை வெட்டுவது ஆபத்து. கிளம்பும்போது முன்பக்கம் எழும்பி சக்கரம் தொங்கும் நேரத்தில், வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து தளர்ந்துவிடும். மறுபடி அமரும்போது சரியாக அமரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் சஸ்பென்ஷனின் வேலை என்ன?

மூன்று வேலை.

முதலாவது, நேரம். 104 கிலோ போவதைத் தடுக்க முடியாது. ஆனால் எப்படிப் போகிறது என்பதை ஷாக் அப்சார்பர் தீர்மானிக்கிறது. தவணையைத் தள்ளிப்போடலாம், தள்ளுபடி கிடையாது. முன் ஷாக் விரிவதற்கு ரொம்ப எதிர்ப்புக் காட்டினால், உடல் எழும்பும்போது சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். டயரின் பாரம் சட்டென்று குறையும். ரொம்பத் தளர்வாக இருந்தால் பாரம் மெதுவாகக் குறையும், ஆனால் உடல் தன் அளவைத் தாண்டி எழும்பிவிட்டு மறுபடி கீழே வரும். அந்தத் தாண்டும் நொடியில் டயருக்கு 516-ஐவிடக் குறைவான பாரம்தான் மிஞ்சும், அப்போதுதான் அது சுற்ற ஆரம்பிக்கும். எனவே தேடுவது நடுநிலை: ஒரே மூச்சில் எழும்பி, ஆடாமல் அங்கேயே நிற்க வேண்டும். பின் ஷாக் அமுங்குவதை இறுக்கி வைப்பதன் உண்மையான பயனும் இதுதான். போகும் எடையை அது நிறுத்துவதில்லை. உடல் ஊஞ்சலாடுவதை நிறுத்துகிறது.

காரின் இந்த முன்பின் ஆட்டம் நொடிக்கு ஒன்றரை இரண்டு முறை நடக்கும். அதாவது விஷயம் முதல் மூன்றில் ஒரு பங்கு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. டிராக் ரேஸில் முதல் 60 அடியைத் தனியாக அளப்பார்கள். நம் மாதிரிக் காருக்கு அந்த 60 அடி சுமார் 2.8 நொடி. ஷாக் சரிசெய்வதில் கிடைப்பது அதில் ஒரு சிறு துண்டு.

இரண்டாவது, டயர் தரையில் படியும் கோணம். முன்பக்கம் எழும்பும்போது மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள காரில் சக்கரத்தின் மேல்பகுதி கொஞ்சம் வெளியே சாயும். நிற்கும்போது சக்கரம் நிமிர்ந்திருந்தால், கிளம்பும்போது டயரின் வெளி விளிம்பில்தான் பாரம். எனவே நிற்கும்போது மேல்பகுதி சற்று உள்ளே சாய்ந்திருக்கும்படி கேம்பர் வைத்தால், எழும்பிய நிலையில் டயர் முழு அகலமும் தரையில் உட்காரும். டோ விஷயத்திலும் இப்படித்தான். இழுவை விசை இரண்டு முன்சக்கரங்களின் முன்பகுதியையும் ஒன்றை ஒன்று நோக்கித் திருப்பப் பார்க்கும். புஷ்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால் நிற்கும்போது முன்பகுதி ஒரு நூலளவு வெளியே பார்க்கும்படி வைத்தால், இழுக்கும்போது நேராகிவிடும். சுருக்கமாக, கார் நிற்கும் நிலைக்கு அலைன்மெண்ட் செய்யக்கூடாது, கிளம்பும் நிலைக்குச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, குதிப்பு. முன்டயர் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடிக்கும்போது கார் முழுவதும் தடதடவென்று அதிரும். டயர், கீழ்க்கையின் ரப்பர் புஷ், எஞ்சின் மவுண்ட் மூன்றும் சேர்ந்து ஸ்பிரிங் மாதிரி முறுக்கேறி அவிழ்வதுதான் காரணம். டிரைவ் ஷாஃப்டை உடைப்பது பெரும்பாலும் இந்தக் குதிப்புதான். கெட்டியான புஷ், கெட்டியான எஞ்சின் மவுண்ட், கீழ்க்கையை முன்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் டிராக்‌ஷன் பார் ஆகியவை இதற்கு மருந்து. ஸ்பிரிங்குக்குச் செலவு செய்யும் முன் இங்கே செலவு செய்வது புத்திசாலித்தனம்.

பின்னால் நீட்டிய கம்பி

அமெரிக்காவில் 1990-களில் ஹோண்டா சிவிக் கார்களை டிராக் ரேஸுக்கு மாற்றியவர்கள் இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். முன்னால் அகலமான ஸ்லிக் டயர், பின்னால் ஒல்லிச் சக்கரம். சில கார்களில் பின்னால் நீளமாக ஒரு கம்பிச் சட்டம், நுனியில் சின்னச் சக்கரம். பின்சக்கரக் கார்களில் இது முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்காமல் இருக்கப் போடுவது; வீலி பார் என்று பெயர். முன்சக்கரக் கார் எங்கே வீலி அடிக்கப்போகிறது? இங்கே அதன் வேலை வேறு: வீல்பேஸை நீட்டுவது.

நம் சூத்திரத்தில் வகுக்கும் எண் வீல்பேஸ். ஸ்லிக் டயரோடு உராய்வுக் குணகம் 1.5 என்று வைத்தால் நம் காரின் உச்சம் 0.70 ஜி. பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் நிற்கும் கம்பி, பின்பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டால், தாங்கும் புள்ளிகளுக்கு இடையிலான தூரம் 3.9 மீட்டர் ஆகிறது. முன்பாரத்தின் பங்கு 62-லிருந்து 77 சதவீதத்தை எட்டுகிறது. உச்சம் 0.95 ஜி. நடைமுறையில் பின்டயரும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும், எனவே அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் எந்த ஸ்பிரிங்கும் இதன் பக்கத்தில் வர முடியாது.

எதில் முதலில் காசு போடுவது?

மாதிரிக் காரை வைத்தே ஒப்பிடலாம். அடிப்படை 0.464 ஜி.

எடை மையத்தை 50 மி.மீ. இறக்கினால் 0.471. ஒன்றரை சதவீதம் லாபம்.

பின் அச்சின் மேல் இருக்கும் 40 கிலோவை (பின்சீட், இன்னபிற) கழற்றினால் 0.483. நான்கு சதவீதம், செலவு பூஜ்யம். டிக்கியில் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும் ஸ்டெப்னியைக் கழற்றினால் இன்னும் நல்லது. அது சுத்தமான பின்பாரம், முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருப்பதே அதுதான்.

30 கிலோவைப் பின்னாலிருந்து முன்னால் மாற்றினால் 0.486. ஐந்து சதவீதம்.

டயரின் உராய்வுக் குணகம் 0.9-லிருந்து 1.0 ஆனால் 0.506. ஒன்பது சதவீதம்.

ஆக டயர், பாரப் பங்கீடு, உயரம், அதற்குப் பிறகே ஷாக்கும் ஸ்பிரிங்கும். நூறு குதிரைத்திறன் கார் என்றால் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மணிக்கு 50, 60 கி.மீ. வேகம் வந்ததும் அந்த எஞ்சினால் டயரைச் சுற்றவைக்கவே முடியாது. அதன்பிறகு சஸ்பென்ஷனுக்கு வேலை குறைவு, எஞ்சின் பாடு. மூன்று மூன்றரை நொடி வேலைக்காக எவ்வளவு செலவு செய்வது என்பது அவரவர் பை.

உங்கள் காரின் பாரப் பங்கீட்டைக் கண்டுபிடிக்க லேபரட்டரி வேண்டாம். தேனி, ஆண்டிபட்டி, கம்பம் என்று எங்கு போனாலும் லாரிக்கு எடை மேடை இருக்கிறது. முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, முழுக் காரையும் ஏற்றி ஒரு எடை. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் முடிந்தது. அங்கே எண்கள் 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் வரும். பங்கீட்டுக்கு அது போதும். பின்பக்கத்தைத் தூக்கிவைத்து எடை மைய உயரத்தைக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு, ஆனால் அதில் வரும் வித்தியாசமே 20 கிலோ சுற்றித்தான் இருக்கும். 10 கிலோ படி உள்ள மேடை அதற்கு உதவாது.

ரேஸ் ஓட்டாதவர்களுக்கு

வைகை அணைப் பக்கம் யாரும் டிராக் ரேஸ் விடப்போவதில்லை, விடவும் கூடாது; அணை ரோடு பொது ரோடு. ஆனால் இதே கணக்கை நாம் போடிமெட்டு ஏறும்போது தினமும் சந்திக்கிறோம். மேட்டில் நிற்பதும் முடுக்குவதும் இந்தச் சூத்திரத்துக்கு ஒன்றுதான். இரண்டிலும் பாரம் பின்னால் சாய்கிறது. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய மூட்டை என்றால் முன்பங்கு ஐம்பது சதவீதம் வரை இறங்கிவிடும். மழை பெய்த சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் நின்று கிளம்பும் கட்டாயம், ஸ்டியரிங் முழுவதும் ஒடித்த நிலை. உள்பக்கச் சக்கரம் சுற்றுகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில் ஒரு சக்கரம் சுற்றினால், மற்றதற்கும் அதே அற்ப விசைதான் போகும். அந்த நேரத்தில் மிதியை அழுத்துவது வேலைக்கு ஆகாது. ஸ்டியரிங்கை முடிந்தவரை நேராக்கி, கிளட்சை மெதுவாக விட்டு, முடுக்கத்தைக் குறைப்பதுதான் வழி. முடுக்கம் குறைந்தால் பின்னால் போகும் பாரமும் குறையும்.

கடைசியாக, நிறுத்துவது பற்றி. மேலே சொன்ன அத்தனை மாற்றமும் பிரேக் பிடிக்கும்போது எதிராகத் திரும்பும். பின்னால் எடை எடுத்துவிட்டோம், முன்பாரம் கூட்டிவிட்டோம், பின்னால் இறுக்கமான ஸ்பிரிங், ஒல்லி டயர். 402 மீட்டர் முடிவில் ஓங்கி மிதித்தால் பாரம் எல்லாம் முன்னால் ஓடி, லேசான பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் திரும்பிவிடும். பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்காமல் இந்த மாதிரிக் காரை ஓடுதளத்துக்குக்கூட எடுத்துப்போகக் கூடாது. அதே காரில் மறுநாள் மழையில் ஆபீஸ் போவதும் அப்படித்தான். ரேஸுக்குக் கழற்றியதை மாட்டிவிட்டு, அலைன்மெண்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு ரோட்டில் இறங்குங்கள்.